கத்த வேண்டாம், முகத்தைக் காட்டுங்கள்

"சத்தம் கேட்குது, சொல்லுறதுதான் விளங்கேல்லை." வன்னியில் காது மந்தமானவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. 2009 வரை ஷெல் வெடிப்புகளுக்கு அருகில் இருந்தவர்களுக்கும், பல வருடம் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஓட்டியவர்களுக்கும் உட்காதில் முதலில் பழுதாவது பெரும்பாலும் உயர் சுருதியை வாங்கும் மயிர்க்கலங்கள்தான். உயிரொலிகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவை தப்பிவிடும். க, ப, த, ச என்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிதான் போய்விடுகிறது. "காடு", "பாடு" இரண்டுமே "ஆடு" போலக் காதில் விழலாம்.

வீட்டுக்காரர் உடனே கத்தத் தொடங்குவார்கள். கத்தினால் பெருப்பது ஏற்கெனவே கேட்கிற உயிரொலிதான். மெய்யொலி அந்த அளவுக்குப் பெருக்காது. பழுதான உட்காதுக்கு உரத்த சத்தம் வலியைக்கூடத் தரும். கத்தும் வாயின் அசைவும் கோணலாகிவிடும். இது பெரிய நட்டம், ஏனென்றால் அந்த அசைவைத்தான் மூளை தேடிக்கொண்டிருக்கிறது.

சாதாரணப் பேச்சில் செக்கனுக்கு ஏறக்குறைய 4, 5 அசைகள் வரும். மூளையின் கேட்டல் பகுதியில் செக்கனுக்கு 4 முதல் 8 தடவை ஏறி இறங்கும் மின் அலை உண்டு, தீட்டா என்பார்கள். தலையில் மின்வாய் ஒட்டி எடுக்கும் ஈ.ஈ.ஜி. பதிவில், இந்த அலை கேட்கும் பேச்சின் அசைகளோடு சேர்ந்து ஓடுவதைக் காணலாம். சொற்றொடர்களின் ஏற்ற இறக்கத்தை இதைவிட மெதுவான டெல்டா அலை பின்தொடரும். இரைச்சல் கூடினால் இந்த ஒத்தோட்டம் தளரும்.

முகம் உதவுவது இங்கேதான். பல வேளைகளில், முக்கியமாக வசனம் தொடங்கும்போது, வாய் அசைந்து 0.1 முதல் 0.3 செக்கன் கழித்தே ஒலி வரும். கண்ணில் பட்ட அசைவு கேட்டல் பகுதியின் அலையைச் சரியான கட்டத்துக்குத் திருப்பிவைக்க, ஒலி வந்துசேரும்போது நரம்புக் கலங்கள் அதை வாங்கத் தயாராக இருக்கும். பேச்சு விளங்குவதற்கு இந்த அலைதான் காரணமா, அல்லது விளங்கும்போது அதுவும் கூடவே வருகிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். முகத்தால் பலன் உண்டு என்பதில் விவாதமில்லை. கடும் இரைச்சலில் பேசுபவரைப் பார்ப்பது 15 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை சத்தம் கூட்டியதற்குச் சமம் என்ற கணக்கு, 1954இல் சம்பி, பொல்லாக் ஆகிய இருவர் செய்த ஆய்விலிருந்து வருகிறது.

காதுக்குத் தவறுவதைக் கண் பிடிக்கும். "பாடு" சொல்ல உதடு மூடும், "காடு" சொல்ல மூடாது. "மாடு", "பாடு" இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ம-வின் மூக்கொலி தாழ்ந்த சுருதி என்பதால் காது அதைப் பிரித்துவிடும். ள, ழ, ண போன்றவை வாய்க்குள்ளேயே நடப்பவை. வெறும் உதட்டைப் பார்த்து எல்லாம் விளங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே ஒரு மீற்றர் அளவில் நேரே இருந்து கதையுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழவேண்டும்; வாசலுக்கு முதுகு காட்டி இருந்தால் முகம் இருண்டுபோகும். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசுங்கள். சற்று மெதுவாக, சொற்றொடருக்குச் சொற்றொடர் சிறிது நிறுத்தி. "அம்... மா... வந்... தா" என்று அசையசையாகப் பிய்க்க வேண்டாம், மூளை பற்றிப்பிடிக்கிற தாளமே அறுந்துவிடும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எழுதிக் காட்டுவதே நல்லது. கனடாவிலிருந்து வரும் வீடியோ அழைப்பில் குரலுக்குப் பின்னால் படம் இழுபட்டால், வெட்டிவிட்டுத் திரும்ப எடுங்கள்: ஒலி 0.2 செக்கன் பிந்தினாலும் மூளை பொறுக்கும், முந்தினால் அவ்வளவு பொறுக்காது.

ஆசிரியர்கள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே விளக்கம் சொல்வதை விட்டால் காது மந்தமான பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

வாயைப் பார்த்தே சமாளிக்கிற பிள்ளையின் குறை வருடக்கணக்காகத் தெரியாமல் போகலாம். ஒரு தாளை வாயில் முட்டாமல் சற்று முன்னால் பிடித்து முகத்தை மறையுங்கள். சாதாரணக் குரலில் பத்துச் சொற்கள் சொல்லித் திருப்பிச் சொல்லவையுங்கள். பிறகு முகத்தைக் காட்டி வேறு பத்துச் சொற்கள். மறைத்தபோது சரியாகச் சொன்னவை தெளிவாகக் குறைந்தால், வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்டல் பரிசோதனை கேளுங்கள்.