ஆயிரம் வாலாவும் கரப்பந்தும்: ஓடியாடினா மனசு ஏன் லேசாகுது?

போன தீபாவளிக்கு முந்தின நாள் எங்க தெருவுல ஒரு பையன் ஆயிரம் வாலாவைக் கொளுத்திட்டான், அப்ப வீட்டுக்கு பெயின்ட் அடிக்க வந்திருந்த அண்ணன் ஒருத்தர் ஏணியில இருந்து சரசரன்னு இறங்கி சுவரோரமா குந்திட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சிரிச்சுக்கிட்டு "ஒண்டுமில்லை தம்பி, பழைய பழக்கம்"னார். இலங்கையில மன்னார் பக்கத்துக்காரர், போருக்குப் பயந்து 2006ல படகேறி வந்தவர், இப்ப கும்மிடிப்பூண்டி அகதி முகாம்ல இருக்கார். பட்டாசுன்னு அவருக்குத் தெரியாம இல்ல, ஆனா அது மண்டைக்கு எட்டுறதுக்குள்ள உடம்பு ஷெல்லடின்னு, அதாவது பீரங்கிக் குண்டு விழுதுன்னு, முடிவு பண்ணிடுச்சு.

இது எப்படி நடக்குதுன்னா, மூளைக்குள்ள அமிக்டலான்னு பாதாம்கொட்டை சைஸ்ல ஒரு பகுதி இருக்கு, அதுதான் வீட்டு வாசல்ல கட்டிப் போட்ட நாய் மாதிரி. ஆபத்துன்னு தோணினா உடனே குரைக்கும், கிட்னிக்கு மேல குல்லா போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும், கொஞ்சம் பின்னாடியே கார்ட்டிசால்ங்கிற இன்னொரு ஹார்மோனும் வரும், நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், உள்ளங்கை வேர்க்கும். "டேய் அது பட்டாசுடா"ன்னு நாயை அதட்டுறது நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளைப் பகுதி. வருஷக்கணக்கா குண்டு போடுற கிபிர் விமானத்துக்குப் பயந்து பங்கருக்குள்ள (பதுங்கு குழி) இருந்தவங்கள்ல சிலருக்கு நாய் ஓவரா உஷாராயிடுது, அதட்டுற ஆள் சோர்ந்து போயிடுறார். அதைவிட மோசம் என்னன்னா, நாளடைவுல அந்தப் படபடப்பே ஒரு அபாய மணியா மாறிடும். சும்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடினாக்கூட நெஞ்சு அடிச்சுக்கும், நெஞ்சு அடிச்சா பயம் வரும், பயந்தா இன்னும் அடிச்சுக்கும்.

இங்கதான் விளையாட்டு உள்ள வருது. நாம வாலிபால்னு சொல்றதை இலங்கைத் தமிழருங்க கரப்பந்துன்னு சொல்லுவாங்க, இலங்கையோட தேசிய விளையாட்டே அதுதான். ஆடும்போது என்ன ஆகுது? அதே படபடப்பு, அதே மூச்சு, அதே வேர்வை, ஆனா குண்டு விழல, பக்கத்துல இருக்கிறவன் நக்கலடிச்சு சிரிக்கிறான். இப்படி நூறு தடவை நடந்தா மூளை புதுசா ஒண்ணு கத்துக்குது: நெஞ்சு அடிச்சா எப்பவும் சாவு வர்றதில்லை. பழைய நினைவு அழியாது, அதுக்கு மேல புது நினைவு ஒண்ணு ஏறி உட்காரும், அவ்வளவுதான். பதற்ற நோய்க்கு தெரபி கொடுக்கிறவங்க இதையே வேணும்னே செய்வாங்க, ஆளை படி ஏறி இறங்கச் சொல்றது, சுழல்நாற்காலியில சுத்த விடுறதுன்னு.

"உடற்பயிற்சி பண்ணா எண்டார்ஃபின் சுரக்கும், ஜாலியா இருக்கும்"னு ஒரு வாட்ஸ்அப் அறிவியல் சுத்திட்டே இருக்கே, அது பாதிக்கதை. ரத்தத்துல ஓடுற எண்டார்ஃபின் மூளைக்குள்ள அவ்வளவு சுலபமா நுழையாது. 2021ல வந்த ஜெர்மன் ஆய்வுல எண்டார்ஃபின் வேலை செய்ய முடியாதபடி மாத்திரை கொடுத்து ஓட விட்டாங்க, அப்பவும் அந்த சந்தோஷம் வந்துச்சு, பதற்றமும் குறைஞ்சுச்சு. இப்ப சந்தேகம் உடம்பே தயாரிக்கிற கஞ்சா மாதிரியான பொருட்கள் மேல, அதுல ஒண்ணு பேரு ஆனந்தமைடு. 1992ல கண்டுபிடிச்சவங்க நம்ம ஊர் 'ஆனந்த'த்தைத்தான் எடுத்து வச்சாங்க!

அப்புறம் மூளையில ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி, "இது இப்போ, அது அப்போ"ன்னு நினைவுக்கு தேதி போடுற குமாஸ்தா. போர் மாதிரி கொடுமைகளால பிடிஎஸ்டி, அதாவது பழைய பயம் விடாம துரத்துற மனநோய், வந்தவங்களுக்கு இது சராசரியா கொஞ்சம் சின்னதா இருக்கு. 2011ல அமெரிக்காவுல 120 வயசானவங்களை வச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க, வாரம் மூணு நாள் வேகமா நடந்தவங்களுக்கு இந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்துச்சு. அவங்க அகதிகள் இல்லைதான், ஆனா மூளை இப்படியும் வளைஞ்சு கொடுக்கும்னு தெரியுது.

சேர்ந்து ஆடுறதுக்குத் தனி பலன் வேற. ஆக்ஸ்ஃபோர்டுல படகுக்குத் துடுப்பு போடுற பசங்களை வச்சு 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, தனியா துடுப்பு போட்டதைவிட கூட்டமா தாளத்தோட போட்டப்ப அவங்க உடம்பு அதிக வலியைத் தாங்குச்சு, உழைப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான்.

ஆனா அளவோட நம்பணும். போர் பாதிச்ச இடங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அத்தனைக்கும் பந்து மருந்தாகாது. 1983ல இருந்து இலங்கை அகதிகள் தமிழ்நாட்டுக்கு வந்துட்டிருக்காங்க, 2021ல முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்'னு பேரை மாத்தினாங்க, நல்லதுதான், ஆனா குடியுரிமைக் கேள்வி அப்படியே தொங்குதே, அந்தக் கவலைக்கு எந்த ஹார்மோன் என்ன பண்ணும்? ராத்திரி அலறி எழுந்திருக்கிறவங்க, சாகணும்னு நினைக்கிறவங்க டாக்டரைத்தான் பார்க்கணும், அரசோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணா இலவசமா தமிழ்லயே பேசலாம். இன்னொண்ணு, சாயங்காலம் முகாம் கிரவுண்டு முழுக்க ஆம்பளைங்கதான், பொண்ணுங்களுக்குன்னு தனி நேரம் ஒதுக்கலேன்னா பலன் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

விளையாட்டு சொல்லிக் கொடுக்கிறவங்க நடந்துக்கிற விதமும் முக்கியம். அதட்டக்கூடாது, உட்காரணும்னா உட்கார விடணும், திடீர் சத்தம் கூடாது. இதை அந்த அண்ணன்கிட்ட சொன்னப்ப, அவங்க ஆட்டத்துல விசிலே கிடையாதுன்னார், ஒருத்தருக்கு விசில் கேட்டா ஆர்மி செக்கிங் ஞாபகம் வருமாம், அதனால பாயிண்டை வாயாலயே கத்திச் சொல்றாங்க. "அதால தினமும் ஒரு சண்டை தம்பி, பந்து லைனுக்கு உள்ளயா வெளியயா எண்டு."