தண்டவாளம் அறியாத வண்டி

சாலை வழியாக வந்த பராமரிப்பு லாரி ஒன்று லெவல் கிராசிங்கில் நின்று, தண்டவாளத்துக்கு நேராகத் திரும்பி, அடியில் மடித்து வைத்திருந்த சிறிய இரும்புச் சக்கரங்களை ஹைட்ராலிக் விசையால் மெல்ல இறக்குகிறது. சில நிமிடங்களில் அது ரயில் பாதையில் ஓடத் தயார். ஆனால் அங்கே ஒரு வண்டி ஏறியிருப்பது சிக்னல் அமைப்புக்குத் தெரியுமா என்பதற்கு உறுதியான பதில் இல்லை.

காரணம் புரிய, 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட்டை, அதாவது பாதையில் ரயில் இருப்பதை அறியும் மின்சுற்றைப் பார்க்க வேண்டும். பாதையின் ஒரு பகுதியைத் தனியே பிரித்து, இரு தண்டவாளங்களுக்கும் ஒரு முனையில் மின்கலத்தையும் மறுமுனையில் ரிலேயையும் (மின்சாரம் பாயும்வரை மேலே இழுபட்டு நிற்கும் மின்காந்தச் சுவிட்ச்) இணைக்கிறார்கள். ரயில் நுழைந்ததும் அதன் அச்சு இரு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடுவதால், ரிலேக்கு மின்சாரம் போதாமல் அது விழுந்து, சிக்னல் சிவப்பாகிறது. கம்பி அறுந்தாலும் இதுவே நிகழும். இந்த எளிமையை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு தீர்வதில்லை.

இந்திய ரயில்வேயில், ரயில் அச்சுக்குப் பதிலாக 0.5 ஓம் மின்தடையைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வைத்து, ரிலே விழுகிறதா என்று சோதிப்பார்கள். பல டன் சுமக்கும் ரயில் அச்சு, துருவையும் அழுக்கையும் நசுக்கிக்கொண்டு நல்ல மின்தொடர்பை ஏற்படுத்திவிடும். இலகுவான வண்டியின் சிறு சக்கரங்களோ, எடையில் ஒரு பங்கைத் தண்டவாளத்தின் மேல் உருளும் ரப்பர் டயர்கள் தாங்கும்போது, ஓரிடத்தில் ரிலேயை வீழ்த்தி அடுத்த இடத்தில் தவறவிடலாம். இந்த நிச்சயமின்மையே பெரிய ஆபத்து. அதனால்தான் பிரிட்டனில் இவ்வண்டிகள் பொதுவாக ரயில் போக்குவரத்துக்கு மூடிய பகுதிகளில் மட்டும் வேலை செய்கின்றன. ஜப்பானில் 2021 டிசம்பர் 25 முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஆசா கடற்கரை ரயில்வேயின், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய வண்டிகளும், வழக்கமான ரயில்கள் ஓடாத பாதையில்தான் ஓடுகின்றன.

பாதை வண்டியைக் கண்டுகொள்வது பாதி வேலை. வண்டியும் பாதையின் கட்டளையை அறிய வேண்டும். ஈடிசிஎஸ் எனப்படும் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு அமைப்பில், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பாலிஸ் கருவி, வண்டியின் அடியிலுள்ள ஆன்டெனா அனுப்பும் 27 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் தகவலைத் திருப்பி அனுப்புகிறது. அடுத்த பாலிஸ் வரும்வரை, கடந்த தூரத்தை வண்டியே அளக்க வேண்டும். பிழை, 5 மீட்டரும் கடந்த தூரத்தின் 5 விழுக்காடும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. காற்றழுத்தத்துக்கும் தேய்மானத்துக்கும் ஏற்ப விட்டம் மாறுகிற, ஈரத் தண்டவாளத்தில் வழுக்குகிற டயரின் சுழற்சியை எண்ணி இதைச் சாதிப்பது கடினம். எனவே, விசை செலுத்தப்படாமல் தானாக உருளும் இரும்புச் சக்கரத்தில் உணரியைப் பொருத்துவதும், தரையில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு வேகத்தை அளக்கும் டாப்ளர் ரேடாரைத் துணைக்கு வைப்பதும் பொருத்தமான வழிகள். பிரேக்கிலும் இதே கவனம் தேவை: எங்கே பிரேக் பிடிக்கத் தொடங்க வேண்டும் என்று கணினி கணக்கிடுவதால், ஈரத்தில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் முன்கூட்டியே நம்பகமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது, ஏறும் தருணமும் இறங்கும் தருணமும். நடுவழியில் ஏறும் வண்டிக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. ஒற்றை பாலிஸைக் கடந்தாலும் இடம் தெரியுமே தவிர எத்திசையில் போகிறோம் என்பது தெரியாது, அதற்கு அடுத்தடுத்து இரண்டு வேண்டும். அதுவரை ஓட்டுநர் கண்ணால் பார்த்தே மெதுவாக ஓட்ட வேண்டும். இறங்கும்போது சிக்கல் பாதையின் பக்கம் திரும்புகிறது. நுழைந்த அச்சுகளையும் வெளியேறிய அச்சுகளையும் எண்ணிச் சமன்பார்க்கும் ஆக்சில் கவுன்ட்டர் உள்ள பகுதிக்குள் ஓடிவந்த வண்டி, அங்குள்ள கிராசிங்கில் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு சாலையில் போய்விட்டால், உள்ளே வந்த இரண்டு அச்சுகளும் கணக்கில் அப்படியே நிற்கும். பாதை காலி என்று நேரில் உறுதிசெய்து, ஒருவர் அந்தக் கணக்கை முறைப்படி பூஜ்யமாக்கும்வரை அடுத்த ரயிலுக்குப் பச்சை கிடைக்காது.