கிளிம்பாட்டிக் மண்டலம்: சொல் விளக்கம்

தூக்கத்திற்கும் அல்சைமர் போன்ற நரம்புச் சிதைவு நோய்களுக்கும் உள்ள தொடர்பைப் பேசும் எழுத்துகளில் மூளையின் கழிவகற்றும் அமைப்பைக் குறிக்கும் 'கிளிம்பாட்டிக்' என்னும் சொல் அடிக்கடி தென்படுகிறது. இதற்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்பதே இங்கு கேள்வி. இது 2012இல் பிறந்த சொல். எலிகளின் மூளையை ஆராய்ந்த டென்மார்க் நரம்பியலாளர் மைக்கன் நெடர்கார்டும் அவர் குழுவினரும் 'கிளியா', 'லிம்பாட்டிக்' ஆகிய இரண்டையும் இணைத்து இதனை ஆக்கினர்.

'கிளியா' என்பதற்குக் கிரேக்கத்தில் பசை என்று பொருள். நரம்பு செல்களைப் பிணைத்து வைக்கும் வெறும் பசை என்று கருதி, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ இட்ட பெயர் அது. 'லிம்பா' என்பது லத்தீனில் தெளிநீரைக் குறிக்கும். இதிலிருந்து வந்த மருத்துவச் சொல்லே தமிழில் நிணநீர் என வழங்குகிறது.

மூளைத் தண்டுவடத் திரவம் தமனிகளைச் சூழ்ந்த இடைவெளிகள் வழியே திசுவுக்குள் புகுந்து, ஆஸ்ட்ரோசைட் எனப்படும் கிளியா செல்களின் முனைகளிலுள்ள அக்வாபோரின்-4 என்னும் நீர்வழிப் புரதத்தின் துணையால் செல்களுக்கிடையே பரவி, அல்சைமர் நோயில் மூளையில் படியும் பீட்டா அமிலாய்டு முதலான கழிவுப் புரதங்களை வெளியேற்றுகிறது என்பதே இச்சொல் குறிக்கும் கருத்து. உறங்கும் எலிகளில் செல்களுக்கு இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 60 விழுக்காடு விரிவதாகவும், அமிலாய்டு விரைவாக அகல்வதாகவும் 2013இல் அக்குழு அறிவித்த பின்னரே இது தூக்கத்தோடு சேர்த்துப் பேசப்படலாயிற்று. ஆனால், 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், உறக்கத்தில் எலி மூளையின் கழிவகற்றம் குறைகிறது என்ற நேர்மாறான முடிவை வெளியிட்டனர். அமிலாய்டு படிவே ஆழ்ந்த தூக்கத்தைக் குலைக்கக்கூடும் என்பதால், எது காரணம், எது விளைவு என்பதையும் எளிதில் பிரித்துவிட முடியாது.

ஆகவே, தமிழ்ப் பெயருக்குள் தூக்கத்தை நுழைத்து 'உறக்கத் தூய்மி' என்பதுபோல் ஆக்குவது முடிவாகாத ஒன்றை முடிவாக்கிவிடும். 'பசைக்கல நிணநீர் மண்டலம்' (கலம் என்பது செல்) மூலத்திற்கு நெருக்கமானதுதான். எனினும், விர்ச்சோவின் பழைய கருத்தை அது மீண்டும் சுமப்பதோடு, மூளைத் திசுவுக்குள் இல்லாத நிணநீர் நாளங்கள் அங்கிருப்பதாகவும் எண்ணச் செய்யும். செயலைச் சுட்டும் 'மூளைக் கழிவகற்று மண்டலம்' என்பதே பொருத்தமானது என்று கருதுகிறேன். முதலில் எழுதுமிடத்தில் மட்டும் 'கிளிம்பாட்டிக்' என்பதையும் உடன் குறித்தால் போதும்.