ஃப்ளஷிங்: கழுவுவதா, அலசுவதா?

பாசிக்குடாப் பக்கம் வெந்நீருக்கு வெப்பப் பம்பி (காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் இயந்திரம்) பூட்டும் பாஸ்மாரிடம் ஒரு தமிழ்க் கையேடு இருந்தது. "பம்பியை இணைக்க முன்னர் குழாய்களை நன்கு கழுவவும்" என்று அதில் ஒரு வரி. வேறொரு தாளில் அதே வரி "குழாய்களைப் பறிக்கவும்" என்று கிடந்தது. மூலத்தில் இருந்த சொல் ஃப்ளஷ். இந்த இரண்டு மொழிபெயர்ப்பும் இப்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. இரண்டும் பிழை.

ஆங்கிலத்தில் ஃப்ளஷ் என்றால் சடுதியாகப் பாய்வது, சீறிக் கிளம்புவது. பதுங்கியிருக்கும் பறவையைக் கிளப்புவதும் ஃப்ளஷ்தான், முகம் சிவப்பதும் ஃப்ளஷ்தான், சுவரோடு மட்டமாக இருப்பதும் ஃப்ளஷ்தான். மலசலகூடத் தொட்டியால் அது எல்லோர் வாயிலும் புழங்குகிறது. குழாய் வேலையில் அதன் பொருள், தண்ணீரை வேகமாக ஓடவிட்டு உள்ளே கிடக்கும் கசடை வெளியே தள்ளுவது.

'பறிப்பு' இயந்திர மொழிபெயர்ப்பு போட்ட குட்டி. பூப் பறிக்கலாம், குழி பறிக்கலாம், கையில் இருப்பதைத் தட்டிப் பறிக்கலாம். குழாயைப் பறி என்று சொன்னால், பூட்டிய குழாயைப் பிடுங்கி எடு என்றுதான் வேலைக்காரர் விளங்கிக்கொள்வார். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

'கழுவு' அப்படியல்ல. நல்ல தமிழ், எளிய சொல், எல்லோருக்கும் புரியும் என்று அதற்காக வாதாடுபவர்கள் உண்டு. புரிகிறது, சரி. ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. கழுவச் சொன்னதும் பாஸ்மார் என்ன செய்கிறார்கள் என்று நானே பார்த்திருக்கிறேன். குழாய் நிறையத் தண்ணீர் விடுவார்கள், கொஞ்ச நேரம் வைப்பார்கள், அடிவால்வைத் திறந்து வடிப்பார்கள். வந்த தண்ணீர் தெளிவாக இருந்தால் கழுவியாயிற்று. குழாய் அறுத்த சீவலும், பற்றாசுத் துணுக்கும், மரையில் சுற்றிய டேப்பின் நாரும், மணலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். மெல்ல வடியும் நீர் அவற்றை அசைக்காது. பம்பியை ஓட்டியதும் அவ்வளவும் கிளம்பி வரும். வடிகட்டியைக் கழற்றினால் கை நிறையப் பிளாஸ்டிக் சீவல். வடிகட்டி பூட்டாத இடத்தில் இன்னும் மோசம். பம்பிக்குள் நீர் சூடாகும் பகுதியான தட்டு வெப்பமாற்றியின் இடுக்குகள் சில மில்லிமீற்றர்தான். அங்கே கசடு சிக்கினால் நீரோட்டம் குறையும், இயந்திரம் பிழை காட்டி நின்றுவிடும்.

ஆகவே இங்கே உயிர்நாடி வேகம். நொடிக்கு 1 மீற்றரளவாவது ஓடினால்தான் நீர் கசடை இழுத்துக்கொண்டு போகும். 25 மில்லிமீற்றர் உள்விட்டக் குழாயில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லீற்றர். மறுமுனையில் 10 லீற்றர் வாளியைப் பிடித்தால் 20 நொடியில் நிறைய வேண்டும். கூரைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் பெரும்பாலும் இதற்குப் போதாது. தனியாக ஒரு மோட்டர் வேண்டும், வெப்பப் பம்பியைச் சுற்றோடு சேர்க்காமல் ஒதுக்கியும் வைக்க வேண்டும். 'கழுவு' என்ற சொல்லில் இந்த வேகத்தின் சாயல்கூட இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. குழாய்க்குள் மருந்து கலந்து துப்புரவாக்குவது தனி வேலை. மருந்து போட்ட பிறகு திரும்ப ஃப்ளஷ் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதால், அந்தக் கையேட்டின் அடுத்த பக்கத்தில் "கழுவிய பின் கழுவவும்" என்றே அச்சாகியிருக்கிறது.

நான் சொல்வது அலசுதல். அலை என்பதிலிருந்து அலைசு, அதிலிருந்து அலசு. சொல்லின் வேரிலேயே நீரின் அசைவு இருக்கிறது. ஆற்றில் துணி அலசும்போது சவர்க்காரத்தைக் கொண்டுபோவது கை இல்லை, ஓட்டம். 'தண்ணி அடிச்சு ஊத்தை எடுக்கிறது' என்று மட்டக்களப்பு பாஸ்மார் சொல்வது இந்தக் காரியத்தைத்தான். பேச்சில் அது நல்ல சொல்லாட்சி. எழுத்தில் 'தண்ணி அடித்தல்' வேறு அர்த்தம் கொடுத்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். அலசி ஆராய்வதோடு குழம்பாதா என்று கேட்பவர்களுக்கு: குழாய் என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது யாருக்கும் குழம்பாது.

மொழிபெயர்ப்பாளர்கள் வேலைத்தலத்தை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பலத்த எண்ணம். 'வெப்ப விசையியக்கக் குழாய்' என்று இந்தியப் பக்கத்திலிருந்து வரும் தாள்களைப் பாருங்கள். பம்பும் குழாய், பைப்பும் குழாய் என்றால் "விசையியக்கக் குழாயின் குழாய்களை" எதில் பொருத்துவது? நம் பாடநூல்களில் 'பம்பி' நெடுநாளாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு நீண்ட சொல்லைத் தூய தமிழ் என்று சுமப்பதில் தமிழுக்கு ஒரு பயனும் இல்லை.

அந்தக் கையேட்டு வரி இப்படி இருக்கலாம்: "வெப்பப் பம்பியை இணைக்க முன்னர், வேகமாக நீர் ஓடவிட்டுக் குழாய்களை அலசவும். வெளிவரும் நீரில் கசடு தென்படாமல் போகும் வரை நிறுத்த வேண்டாம். பின்னர் வடிகட்டியைக் கழற்றித் துப்புரவாக்கவும்."