மதகைத் திறந்தால் பிறக்கும் ஆறு

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் படகு ஸ்லாலம் போட்டி, அதாவது சீறும் நீரில் தொங்கும் வாயில்களைக் கடந்து போகும் துடுப்புப் படகுப் பந்தயம், அட்லாண்டாவில் நடக்கவில்லை. பக்கத்து மாநிலமான டென்னசியில், மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒக்கோயீ ஆற்றில் நடந்தது. அதுவும் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் தண்ணீரே ஓடாத ஒரு பகுதியில்.

காரணம் மின்சாரம். 1942-இல் கட்டி முடித்த ஒக்கோயீ மூன்றாம் அணை, ஆற்றுநீரை மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கீழே உள்ள மின் நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறது. இடையில் மிஞ்சுவது வெறும் பாறைப்படுகை. இதற்குக் கீழே உள்ள இரண்டாம் அணை 1913-இலிருந்தே நீரை ஒரு மரக்கால்வாயில் திருப்பிக்கொண்டிருந்தது. 1976-இல் அந்தக் கால்வாய் பழுதாகி மூடப்பட்டபோது, தண்ணீர் பழைய தடத்துக்கே திரும்பியது. படகுக்காரர்கள் உடனே துடுப்போடு இறங்கிவிட்டார்கள். ஆற்றில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து வலுத்ததுதான்.

இந்த ஆற்றுக்கு நேர்ந்த கேடு அணை மட்டும் அல்ல. மேல்புறத்தில் டக்டவுன் பகுதியில் தாமிரத் தாதுவைத் திறந்தவெளியில் குவித்து எரித்தார்கள். விறகுக்காகக் காடு போனது. மீதி மரங்களைக் கந்தகப் புகை கொன்றது. செம்மண் கரைந்து ஆற்றில் இறங்கியது. பக்கத்து ஜார்ஜியா மாநிலமே வழக்குப் போட்டு, 1907-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றது. 1930-களில் தொடங்கிய மரம் நடும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. இப்படிப்பட்ட ஓர் ஆற்றுக்கு உலகமே வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

சரி, வெறும் படுகை எப்படிப் பந்தயத் தடமாகும்? பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய, வழுவழுப்பான வட்டம். அதன் விளிம்பில் நீர் சட்டென உயர்ந்து ஒரு வளையமாக நிற்கும். வேகமாக ஓடும் நீர் திடீரென வேகம் இழக்கும் இடம் அது. ஆற்றிலும் இதே கதைதான். 1 மீட்டர் ஆழமுள்ள நீரில் அலை நொடிக்குச் சுமார் 3 மீட்டர் நகரும். நீர் அதைவிட வேகமாக ஓடினால் அலையால் எதிர்த்து ஏற முடியாது. கீழே ஆழமான, மெதுவான நீரில் இந்த வேகமான நீர் மோதும்போது எழும்பிச் சுருண்டு நுரைக்கும்.

அந்த மோதலை வேண்டிய இடத்தில் வரவழைப்பதுதான் பொறியாளரின் வேலை. அகன்ற படுகையில் நீர் மெல்லிசாகப் பரவிவிடும், படகின் அடி தட்டும். அதனால் ஒக்கோயீயில் பாறைகளை அடுக்கிப் பிணைத்துத் தடத்தை வெகுவாகக் குறுக்கினார்கள். படுகை காய்ந்து கிடந்ததால்தான் இயந்திரங்களை உள்ளே இறக்கி வேலை செய்ய முடிந்தது.

பாறையின் பின்பக்கம் இன்னொரு விந்தை உண்டு. அங்கே நீர் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி ஓடும். ஸ்லாலத்தில் வாயில் என்பது தொங்கும் கம்புகள்தான்; பச்சை வாயில்களை ஓட்டத்தோடும், சிவப்பு வாயில்களை எதிர்த்தும் கடக்க வேண்டும். எதிர்த்துப் போக இந்தத் திரும்பும் நீர்தான் துணை. அதிலிருந்து மறுபடி ஓட்டத்துக்குள் நுழையும் நொடிதான் ஆபத்தானது. படகை ஓட்டம் போகும் பக்கமாகச் சாய்க்க வேண்டும். சாய்க்காவிட்டால் ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பைத் தண்ணீர் பிடித்து, படகைக் கவிழ்த்துவிடும். இன்றைய விதிப்படி கம்பைத் தொட்டால் 2 நொடி, வாயிலைத் தவறவிட்டால் 50 நொடி நேரத்தோடு சேரும்.

அந்த ஜூலையில் ஒற்றையர் கனூவில் (மண்டியிட்டு, ஒருபக்க அலகுள்ள துடுப்பால் ஓட்டும் படகு) தங்கம் வென்றவர் 17 வயது மிஹால் மார்ட்டிகான். தனி நாடான பிறகு ஸ்லோவாக்கியா பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

போட்டி முடிந்தாலும் தடம் அங்கேயே இருக்கிறது. கோடையில் குறித்த சில நாட்களில் மட்டும் அணையிலிருந்து நீர் விடுகிறார்கள். படகுகள் வரிசையில் காத்திருக்கும். நேரம் ஆனதும் மதகு மூடும். நுரை அடங்கி, பாறைகளுக்கு இடையில் குட்டைகள் மிஞ்சும்.