‘அக்கா, ஏதாவது தெரிஞ்சுதா?’

ஹட்டனில் இருந்துகொண்டு விளம்பர நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் தொழில். கிராபிக் டிசைனர், வீடியோ எடிட்டர், விளம்பர வாசகம் எழுதுபவர், இப்படி. கேட்பவர்கள் பெரும்பாலும் கொழும்பில், சிலர் கண்டியில். வருகிற பிள்ளைகள் கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளைப் பக்கம். என் போனுக்கு அதிகம் வரும் வட்ஸ்அப் செய்திதான் தலைப்பில் இருப்பது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டு ஒரு முறை நன்றாகப் பட்டிருக்கிறேன். மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த தங்கச்சி, வேலை சுத்தமான டிசைனர். நேர்முகப் பரீட்சை முடிந்த அன்றே நிறுவனத்தில் இருந்து போன் வந்தது. “நல்ல பிள்ளை, எடுத்துடலாம்.” நானும் சந்தோஷத்தில் “அநேகமா சரிதான்மா” என்று சொல்லிவிட்டேன். அதை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த முன்பள்ளி வேலையை அவள் விட்டுவிட்டாள். அப்புறம் மூன்று வாரம் நிறுவனத்திடமிருந்து சத்தமே இல்லை. ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்களாம், நான்காவது வாரம்தான் சொன்னார்கள். அதற்குள் அவள் நான்கு செய்தி அனுப்பியிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஐந்தாவது அவளுடைய அண்ணனிடமிருந்து வந்தது: “இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாமே மிஸ்.”

கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைகூட எனக்குச் சுயவிபரக்கோவை அனுப்பவில்லை. ஒரு வீட்டில் நடந்தது அன்று சாயங்காலமே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சாகிவிடும் ஊர் இது. நியாயம்தான்.

இப்போது “அநேகமா” என்ற சொல்லையே விட்டுவிட்டேன். கடிதம் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையை விடாதே என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாருக்கும் பதில் போகும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் “இன்னும் ஒன்றும் வரவில்லை” என்றாவது. வேலை கிடைக்காதவருக்கு ஏன் என்றும் சொல்ல வேண்டும். “பொருத்தமில்லை” என்பது காரணம் ஆகாது என்று நிறுவனங்களிடம் சண்டை பிடித்து ஒரு வரியாவது வாங்குவேன். “லோகோக்கள் நல்லா இருக்கு, ஆனால் புத்தக வேலை ஒன்றுகூட இல்லை” என்றால், அந்தப் பிள்ளை அடுத்த மாதம் அதைச் செய்துகொண்டு வரும்.

நிறுவனங்களோடு வேறு மாதிரிச் சிக்கல். “தமிழ் தெரிந்த டிசைனர் வேண்டும்” என்பார்கள். அந்த நான்கு சொல்லை நம்பி ஆள் அனுப்பினால் இரண்டு பக்கமும் மனக்கசப்புத்தான். முன்பெல்லாம் அனுப்பினேன். இப்போது உட்கார்ந்து கேட்கிறேன்: சிங்களத்தில் வரும் வாசகத்தைத் தமிழாக்க வேண்டுமா, பிழை திருத்த வேண்டுமா, வடிவமைப்பு மட்டுமா? பெரும்பாலும் மூன்றும் வேண்டும், சம்பளம் மட்டும் ஒன்றுக்கு! அதை அந்த மேசையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எழுத்துரு விஷயமும் அப்படித்தான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை அப்படியே பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். சரி, இணையத்தில் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறலாம் என்றால், பழைய போட்டோஷொப் பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்களுக்கான அமைப்பை மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத மேலாளர் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார். கொழும்பு வீதிகளில் கொம்பு இடம் மாறிய பதாகையைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் பிள்ளை ஒருத்தர் அங்கே இருந்திருக்கலாமே என்று தோன்றும். இதை ஒரு நிறுவனத்தின் கணினியிலேயே செய்து காட்டினேன். அதன் பிறகு ஆள் தேவை என்றால் அவர்கள் முதலில் எனக்குத்தான் போன் செய்கிறார்கள்.

மாதிரி வேலை என்று ஒன்று இருக்கிறது. ஒரு நிறுவனம் மூன்று பேரிடம் தீபாவளிப் போஸ்டர் செய்யச் சொன்னது. மூவருக்கும் வேலை இல்லை. ஆனால் தீபாவளியன்று ஒருத்தருடைய போஸ்டர் நிறம் மட்டும் மாறி அவர்களுடைய பக்கத்தில் இருந்தது. கேட்டேன். “தற்செயல்” என்றார்கள். அவர்களோடு அத்தோடு சரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், ஊழியர் தன் வேலைக்காகச் செய்தது தொழில் கொடுப்பவருக்குச் சொந்தம். நேர்முகத்துக்கு வந்த பிள்ளை ஊழியர் இல்லையே. அதனால் மாதிரி வேலை என்றால் கற்பனைப் பொருளுக்குத்தான், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, பயன்படுத்தினால் காசு என்று மின்னஞ்சலில் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறேன்.

சம்பளத்தையும் உடைத்தே சொல்ல வேண்டும். அடிப்படை 60,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 4,800 ரூபாய் கழியும். நிறுவனம் தன் பங்குக்கு 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் மேலே போட வேண்டும். மீதியில் வெள்ளவத்தையிலோ வத்தளையிலோ போர்டிங், சாப்பாடு. முதல் மாதமே திரும்பி வந்துவிடுகிற பிள்ளைகளில் பாதிப் பேரிடம் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டியிருக்கமாட்டார்கள்.

சுயவிபரக்கோவையில் எங்கள் பிள்ளைகள் தோட்டம், டிவிஷன், அடையாள அட்டை இலக்கம், சமயம், அப்பாவின் தொழில் எல்லாம் எழுதி வருவார்கள். அனுப்புமுன் அத்தனையும் எடுத்துவிடுவேன். “லயத்துப் பிள்ளையா? கொழும்பில் சமாளிப்பாரா?” என்று, தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளை என்பதை வைத்து ஒருவர் கேட்ட நாளில் இருந்து இந்தப் பழக்கம். எந்த நிறுவனத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று சொல்லி, சம்மதம் கேட்காமல் அனுப்புவதும் இல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் சட்டமே வந்துவிட்டது, ஆனால் அது இல்லாவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும். முதல் சுற்று நேர்முகம் வீடியோவில்தான். காலை 9 மணிக்குக் கொழும்பில் நிற்க இங்கிருந்து இரவே பஸ் ஏற வேண்டும். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காதவர்கள் என் அறையில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள்.

காசு? பிள்ளைகளிடம் வாங்குவதில்லை, நிறுவனம்தான் தரும். இதைப் பெற்றோர்கள் நம்பச் சிரமப்படுகிறார்கள். போன மாதம் ஒரு அப்பா கவரை நீட்டினார். வேண்டாம் என்றதும், “அப்ப வேலை கெடைக்காதா மிஸ்?” என்று முகம் வாடிவிட்டது. விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் போனது. கடைசியில் ஒரு பக்கற் தேயிலைத்தூளை வைத்துவிட்டுப் போனார், அதை மட்டும் மறுக்க முடியவில்லை.

அவருடைய மகனின் விஷயம் கொழும்பில் பதினொரு நாளாக நிற்கிறது. நாளை வெள்ளிக்கிழமை. காலையில் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, ஆம் அல்லது இல்லை, ஏதாவது ஒன்றை வாங்கியாக வேண்டும்.