வாங்கி விற்றவருக்கும் பொறுப்பு உண்டு

"நான் தயாரிக்கவும் இல்லை, இறக்குமதி செய்யவும் இல்லை. வாங்கி விற்றேன், அவ்வளவுதானே சார்?" மதுரையில் பாத்திரக் கடையோ பேன்சி ஸ்டோரோ நடத்துபவர்கள் கையில் நோட்டீசோடு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன் 18-ஆம் பிரிவில் இந்த வாதம் எடுபடாது. உரிய விவரங்கள் இல்லாத பொட்டலப் பொருளை விற்பதையும், விற்பனைக்காக வைத்திருப்பதையும்கூட அது தடை செய்கிறது. கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாலே போதும்.

அந்த விவரங்களில் ஒன்று நாட்டின் பெயர். இறக்குமதிப் பொருள் என்றால் அது எந்த நாட்டில் தயாரானது அல்லது பாகங்கள் பூட்டப்பட்டது என்பது பொட்டலத்தின் மேல் இருக்க வேண்டும். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் கூடவே வர வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் நாட்டின் பெயர் கட்டாயம். உள்நாட்டுச் சரக்குக்கு 'மேட் இன் இந்தியா' என்று போடும்படி இந்த விதி கேட்கவில்லை. சிக்கலே இங்குதான். நாட்டின் பெயர் இல்லாத டப்பா உள்ளூர்ச் சரக்காகவும் இருக்கலாம், கப்பலில் வந்து பெயரை மறைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

கயிற்றை இழுத்தால் வெங்காயம் நறுக்கும் சாப்பர் ஒன்றைக் கட்சிக்காரர் ஒருவர் என் மேசைமேல் வைத்தார். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் ஒரு பிராண்டு பெயர். கீழே 'மார்க்கெட்டட் பை' என்று ஒரு சென்னை முகவரி. விலை, மாதம், ஆண்டு எல்லாம் ஒழுங்கு. தயாரித்தவர் யார் என்ற வரி மட்டும் இல்லை. கிண்ணத்தைக் கவிழ்த்தால் பிளாஸ்டிக்கிலேயே புடைத்த பொடி எழுத்தில் 'மேட் இன் பி.ஆர்.சி.' மக்கள் சீனக் குடியரசின் ஆங்கிலப் பெயரை அப்படிச் சுருக்கி எழுதுவார்கள். "பார்கோடு 890-இல் தொடங்குகிறதே, இந்தியப் பொருள்தானே?" என்றார் அவர். வியாபாரிகளே நம்பும் கட்டுக்கதை இது. அந்த எண்ணை ஒரு நிறுவனம் பார்கோடு எண் வழங்கும் இந்திய அமைப்பிடம் பதிவு செய்து பெற்றது என்பதற்கு மேல் 890-க்கு வேறு பொருள் கிடையாது.

சீனச் சரக்கு மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை, நல்லதும் வருகிறது. எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து விற்பதுதான் தப்பு.

ஆகவே கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பார்சல் சர்வீஸில் சரக்கை எடுக்கும்போதே ஒரு பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். 'மார்க்கெட்டட் பை' மட்டும் இருந்து, தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். பில் இல்லாத சரக்கை எடுக்கவே எடுக்காதீர்கள். விசாரணை வந்தால் மொத்த வியாபாரியைக் கைகாட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. சித்திரைத் திருவிழாவுக்குப் பொம்மை எடுப்பவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்க்க வேண்டும். 2021 முதல் அதுவும் கட்டாயம். இணையத்தில் விற்பவர்கள் நாட்டின் பெயரை விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்.

வாங்குபவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை என்பதால் அங்கும் மனு கொடுக்கலாம். பில்லோடு லேபிளின் படமும் பொருளின் அடிப்பக்கப் படமும் இருக்கட்டும். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம்.